தெரு புதிதானால் வீட்டின் விலை எவ்வளவு கூடும்?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சொந்த வீடு வாங்கிக் குடியேறியவர்களுக்கு என்றாவது ஒருநாள் நகர நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதம் வரக்கூடும். உங்கள் தெருவைப் பெயர்த்துப் புதிதாகப் போடப்போகிறோம், செலவில் உங்கள் பங்கு இத்தனை ஆயிரம் டாலர், இன்ன தேதியில் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று அதில் இருக்கும். படித்தவுடன் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான். வருடம் தவறாமல் சொத்து வரி கட்டுகிறோமே, அப்புறம் இது எதற்கு?

எங்கள் தெருவுக்கு அந்தக் கடிதம் வந்தபோது நானும் அதையேதான் கேட்டேன். கூட்டத்துக்குப் போனேன். அரங்கு நிறைந்திருந்தது. ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் ஒரு பெரியவர், இவ்வளவு பணத்துக்கு நான் எங்கே போவேன் என்றார். இந்தத் தெருவில் ஓடும் வண்டிகளில் பாதி, குறுக்கு வழியாகப் போகிறவர்களுடையவை, அவர்கள் என்ன கொடுக்கிறார்கள் என்று ஒரு பெண் கேட்டார். இன்னொருவர், குழி விழுந்தபோதே அடைத்திருந்தால் இப்போது முழுசாகப் பெயர்க்க வேண்டி வந்திருக்காது என்றார். மூன்றுமே நியாயமான பேச்சு. ஆனால் அந்தக் கட்டணத்தை ரத்து செய்யவோ குறைக்கவோ நீதிமன்றத்தில் அவை பெரிதாக உதவாது. அங்கே கேட்கப்படும் முதன்மையான கேள்வி வேறு: இந்த வேலையால் உங்கள் மனையின் சந்தை விலை எவ்வளவு கூடியது? அன்று இரவு அரங்கில் ஒருவர்கூட அதைப் பேசவில்லை. சட்டத்தையும் தீர்ப்புகளையும் நான் உட்கார்ந்து படித்தது அதற்குப் பிறகுதான்.

தமிழ்நாட்டில் தெருவுக்கு சிமெண்ட் சாலை போட்டால் வீட்டுக்கு வீடு பில் வருவதில்லை. பாதாளச் சாக்கடை இணைப்புக்கு வைப்புத்தொகை கட்டியிருப்போம். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு பங்கு போட்டிருப்பார்கள், அது விரும்பிக் கொடுப்பது. இங்கே ‘ஸ்பெஷல் அசெஸ்மென்ட்’ என்று சொல்லப்படும் இந்தக் கட்டணம் அப்படியில்லை. நகர மன்றம் தீர்மானம் நிறைவேற்றிவிட்டால் அது மனையின் மேல் வில்லங்கமாக ஏறிவிடும். 30 நாளுக்குள் மொத்தமாகக் கட்டினால் வட்டி இல்லை. கட்டாவிட்டால் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) அலுவலகத்துக்குப் போய், சொத்து வரியோடு சேர்ந்து, வட்டியுடன் ஆண்டுத் தவணையாக வரும். தவணை 30 ஆண்டுகள் வரை போகலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. நடைமுறையில் நகரங்கள் அதைவிடக் குறைந்த காலமே கொடுக்கின்றன. வீட்டை விற்கும்போது மிச்சத் தொகையை யார் அடைப்பது என்று வாங்குபவரும் விற்பவரும் பேரம் பேச வேண்டியிருக்கும்.

நகரத்தின் பக்கமும் ஒரு நிலைமை இருக்கிறது. மினசோட்டாவின் பனிக்காலம் தார்ச் சாலையைத் தின்றுவிடும். விரிசலில் இறங்கிய தண்ணீர் உறைந்து விரிகிறது, உருகிச் சுருங்குகிறது, மறுபடி உறைகிறது. சில பத்தாண்டுகள் இப்படிப் போனால் மேல்பூச்சு போதாது, அடித்தளத்தோடு பெயர்த்தெடுக்க வேண்டும். மாநிலம் நகரச் சாலைகளுக்கு உதவி நிதி தருகிறது. ஆனால் அதில் முக்கியமான நிதி 5,000 பேருக்கு மேல் வாழும் நகரங்களுக்கு மட்டும், அதிலும் மொத்தச் சாலை நீளத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு முக்கியச் சாலைகளுக்கு மட்டும். நீங்களும் நானும் குடியிருக்கும் உள்தெருக்களுக்கு அந்தப் பணம் வராது. ஆக, நகரத்துக்குப் பெரிதாக இருப்பவை இரண்டு வழிகள்தான். எல்லோருடைய சொத்து வரியையும் ஏற்ற வேண்டும், அல்லது அந்தத் தெருக்காரர்களிடம் வாங்க வேண்டும்.

தெருக்காரர்களிடம் வாங்கும் வழக்கம் மிகப் பழையது. அமெரிக்காவில் அதன் தொடக்கமாக நியூயார்க் குடியேற்றப் பகுதியின் 1691-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குறிப்பிடுவார்கள். பொது வேலையால் ஒருவருடைய நிலம் தனிப்பட்ட ஆதாயம் பெறுகிறது, அந்த ஆதாயத்துக்கு அவர் பணம் கொடுக்கட்டும் என்பதுதான் அடிப்படை. அப்படியானால் ஆதாயத்தைவிடக் கட்டணம் அதிகமாக இருந்தால்?

இந்தக் கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது 1898-இல். ஒஹாயோ மாநிலத்தில் சின்சினாட்டிக்குப் பக்கத்தில் நார்வுட் என்ற சிற்றூர். அங்கே பேக்கர் என்ற பெண்மணியின் நிலத்துக்கு நடுவே 300 அடி நீளம், 50 அடி அகலத்துக்கு ஊர் நிர்வாகம் இடத்தைக் கையகப்படுத்தித் தெரு அமைத்தது. நடுவர் குழு அவருக்கு 2,000 டாலர் இழப்பீடு என்று முடிவு செய்தது. தெருவின் இரு பக்கமும் மிச்சம் இருந்ததும் அவருடைய நிலமே. அதனால் தெருவால் ஆதாயம் அவருக்குத்தான் என்று சொல்லி, அந்த 2,000 டாலரையும் வழக்குச் செலவையும் சேர்த்து 2,218 டாலர் 58 சென்ட்டை அவர் மீதே கட்டணமாக விதித்தார்கள். அவர் நிலத்தையும் கொடுத்து, அதற்கான விலையையும் அவரே கொடுக்க வேண்டும்! நீதிபதி ஹார்லன் எழுதிய தீர்ப்பு, தனிப்பட்ட ஆதாயத்தை வெகுவாக மிஞ்சும் கட்டணம், அந்த மிஞ்சிய அளவுக்கு, வரி என்ற பெயரில் தனியார் சொத்தை இழப்பீடில்லாமல் எடுத்துக்கொள்வதுதான் என்று சொன்னது.

மூன்றே ஆண்டுகளில் நீதிமன்றம் கொஞ்சம் பின்வாங்கியது. மிசூரியின் கேன்சஸ் சிட்டியில் தார் போட்ட செலவைத் தெருவைப் பார்த்திருக்கும் முகப்பு நீளத்தின்படி அடிக்கு இவ்வளவு என்று பிரித்திருந்தார்கள். மனைக்கு மனை ஆதாயத்தை அளக்காமல் இப்படிப் பிரிப்பது செல்லும் என்று 1901-இல் தீர்ப்பு வந்தது. ஹார்லன் அதில் மாறுபட்டார். அதற்குப் பிறகு, எவ்வளவு கண்டிப்பாக இருப்பது என்பது பெரும்பாலும் ஒவ்வொரு மாநிலத்தின் கையிலும் போய்விட்டது.

மினசோட்டா கண்டிப்பான பக்கம் நின்றது. மாநிலத்தின் தென்மேற்கில் இருக்கும் விண்டம் என்ற சிறு நகரத்தின் மீதான வழக்கில், 1976-இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்ன மூன்று விதிகளே இன்றும் அளவுகோல். மனைக்கு அந்த வேலையால் தனிப்பட்ட ஆதாயம் இருக்க வேண்டும். ஒரே வகைச் சொத்துகளுக்குக் கட்டணம் ஒரே சீராக இருக்க வேண்டும். ஆதாயத்தைக் கட்டணம் தாண்டக் கூடாது. ஆதாயம் என்பது வசதியோ அழகோ அல்ல. வேலைக்கு முன்பு இந்தச் சொத்தை ஒருவர் என்ன விலைக்கு வாங்கியிருப்பார், வேலை முடிந்த பிறகு என்ன விலைக்கு வாங்குவார், அந்த வித்தியாசம்தான்.

இன்றைய சண்டைகளின் வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மினசோட்டாவில் இந்தக் கட்டணங்களை ஆளும், மாநிலச் சட்டத் தொகுப்பின் 429-ஆம் அத்தியாயம் 1953-இல் வந்தது. போருக்குப் பிந்தைய புறநகர்கள் வயல்வெளியிலிருந்து எழுந்த காலம் அது. மண் சாலை, சொந்தக் கிணறு, தோட்டத்தில் கழிவுநீர்த் தொட்டி என்று இருந்த வீட்டுக்கு முன்னால் தார்ச் சாலையும் ஓரக்கல்லும் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் வந்தால், அந்த மனையின் விலை ஏறியதை யாரும் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. கட்டணத்தைவிட ஏற்றமே அதிகமாக இருந்திருக்கும். இப்போது நடப்பது அந்த வேலை கிடையாது. ஏற்கெனவே சாலை இருக்கிறது, பழசாகிவிட்டது, அதே இடத்தில் அதே போன்ற சாலை மறுபடி போடப்படுகிறது. வீடு வாங்க வருபவர் சமையலறையைப் பார்ப்பார், பள்ளியைப் பார்ப்பார், கூரையின் வயதைக் கேட்பார். தார் எந்த வருடம் போட்டது என்று கேட்டு அதற்காகப் பத்தாயிரம் டாலர் கூட்டிக் கொடுக்கிறவரை நான் பார்த்ததில்லை. ஆதாயம் கொஞ்சமும் இல்லை என்று சொல்லிவிட முடியாது, குண்டும் குழியுமான தெரு விலையைக் கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும். ஆனால் செலவு ஏறிய வேகத்துக்கு அந்த ஆதாயம் ஏறவில்லை.

ஒரு கற்பனைத் தெருவை வைத்துக் கணக்குப் பார்ப்போம். 40 வீடுகள், மொத்தச் செலவு 12 லட்சம் டாலர். செலவில் 40 சதவீதத்தைத் தெருக்காரர்களிடம் வாங்குவது நகரத்தின் கொள்கை. வீட்டுக்கு 12,000 டாலர் வருகிறது. ஒரு வீட்டின் விலை வேலைக்கு முன் 4,00,000, வேலைக்குப் பின் 4,05,000 என்று மதிப்பீட்டாளர் சொல்கிறார். அப்படியானால் அந்த வீட்டின் மேல் 5,000 டாலருக்கு மேல் விதிக்க முடியாது. மிச்சம் 7,000 நகரத்தின் பொறுப்பு.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. இத்தகைய வேலைக்காக நகரம் கடன் பத்திரம் வெளியிடும்போது, செலவில் குறைந்தது 20 சதவீதத்தைக் கட்டணமாக விதித்திருந்தால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தத் தேவையில்லை. நம் கற்பனைத் தெருவில் 20 சதவீதம் என்பது வீட்டுக்கு 6,000 டாலர். அதுவே ஆதாயமான 5,000-ஐத் தாண்டிவிட்டது. கடன் வாங்க வேறு வழிகளும் உண்டு என்றாலும், பல நகரங்களின் கொள்கை இந்த 20 சதவீதத்தைச் சுற்றியே அமைந்திருக்கிறது. கட்டணத்தின் தரை கடன் சட்டத்திலிருந்து வருகிறது, கூரை வீட்டுச் சந்தையிலிருந்து வருகிறது. தரையும் கூரையும் ஒன்றையொன்று பார்க்காமல் கட்டப்பட்டிருக்கின்றன. நடுவில் குனிந்து நிற்பவர் வீட்டுக்காரர்.

சரி, ஒருவர் எதிர்க்க நினைத்தால் என்ன செய்ய வேண்டும்? இங்கேதான் பலர் உரிமையை இழக்கிறார்கள். கூட்டங்கள் இரண்டு. இரண்டும் வேறு வேறு.

முதல் கூட்டம் வேலை தேவையா என்பதைப் பற்றியது. பொறியாளரின் அறிக்கை, மொத்தச் செலவு, உத்தேசக் கட்டணம் எல்லாம் அதில் வைக்கப்படும். தெருவோரச் சொத்தின் முகப்பு நீளத்தில் 35 சதவீதத்துக்குக் குறையாமல் உடையவர்கள் தாங்களே மனு கொடுத்துக் கேட்டிருந்தால், நகர மன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். யாரும் கேட்காமல் நகரமே முன்வந்து செய்தால் ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர்கள் ஆதரிக்க வேண்டும். ஐந்து பேர் கொண்ட மன்றம் என்றால் நான்கு பேர். இரண்டு உறுப்பினர்களை மனம் மாற்றினால் வேலை நிற்கும் என்பதை அந்தக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. தெருவில் எத்தனை வண்டி ஓடுகிறது, குழியை ஏன் அடைக்கவில்லை என்ற பேச்சுக்கெல்லாம் பலன் இருக்கக்கூடிய இடம் இதுதான்.

இரண்டாவது கூட்டம் கட்டணத்தைப் பற்றியது. குறைந்தது இரண்டு வாரம் முன்பே தபாலில் அறிவிப்பு வரும். அந்தக் கூட்டத்துக்கு முன்பாக நகர எழுத்தரிடம், அல்லது கூட்டத்திலேயே தலைமை வகிப்பவரிடம், சொத்தின் உரிமையாளர் கையெழுத்திட்ட எழுத்துமூல ஆட்சேபணையைக் கொடுத்தாக வேண்டும். மைக்கைப் பிடித்து எவ்வளவு நன்றாகப் பேசினாலும், எழுதிக் கொடுக்காதவர் பிறகு பொதுவாக நீதிமன்றம் போக முடியாது. எங்கள் கூட்டத்தில் மிக நன்றாகப் பேசிய இருவர் எதையும் எழுதித் தரவில்லை. நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கட்டணத் தீர்மானம் நிறைவேறிய 30 நாளுக்குள் மேயருக்கோ எழுத்தருக்கோ மேல்முறையீட்டு அறிவிப்பைச் சேர்ப்பிக்க வேண்டும். அதிலிருந்து 10 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு நாள் தவறினாலும் கதவு மூடிவிடும். அங்கே நகரம் தன் கட்டணப் பட்டியலைத் தாக்கல் செய்துவிட்டாலே அது சரியானது என்ற அனுமானம் எழுகிறது. அதை உடைப்பது வீட்டுக்காரர் வேலை. உடைக்க வேண்டுமானால், விலை இவ்வளவுதான் கூடியது என்று சொல்ல ஒரு தகுதியுள்ள மதிப்பீட்டாளர் வேண்டும். உடைத்துவிட்டால் நீதிபதி இரு தரப்புச் சான்றையும் தானே எடைபோட்டு முடிவு செய்வார். ஆனால் மதிப்பீட்டாளருக்கும் வழக்கறிஞருக்கும் ஆகும் செலவு, 12,000 டாலர் கட்டணத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடக்கூடும். பெரிய கடை வளாகங்களும் அடுக்குமாடி உரிமையாளர்களும் வழக்குப் போட்டு வெல்வது எளிது, தனி வீட்டுக்காரருக்கு அது கட்டுப்படியாகாது. இது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

கட்டணத்தை எதிர்த்தவர்கள் இன்னொரு பெரிய கதவையும் திறந்திருக்கிறார்கள். செயின்ட் பால் நகரம் 2003 முதல், சாலை பெருக்குவது, பனி அள்ளுவது, தெருவிளக்கு போன்ற பராமரிப்புக்கு ஒவ்வொரு சொத்தின் மேலும் ஆண்டுக் கட்டணம் விதித்துவந்தது. நகர மையத்தில் இருக்கும் இரண்டு தேவாலயங்கள் எதிர்த்தன. இது வரி அல்ல, ஒழுங்குமுறை அதிகாரத்தின்படி வாங்கும் சேவைக் கட்டணம், ஆகவே மனையின் விலை கூடியதா என்ற சோதனை இதற்குப் பொருந்தாது என்று நகரம் வாதாடியது. கீழ் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டன. 2016 ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஏறக்குறைய எல்லாச் சொத்துகள் மேலும் விதித்து, ஊர் முழுவதற்கும் பொதுவான பலனுக்குச் செலவழித்தால் அது வரி விதிக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்துவதுதான், அரசியல் சட்ட வரம்புகள் பொருந்தும் என்றது.

சட்டப்படி அந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். பின்விளைவையும் சொல்ல வேண்டும். செயின்ட் பால் மாநிலத் தலைநகர். அரசு அலுவலகங்கள், கல்லூரிகள், தேவாலயங்கள் என்று சொத்து வரி விலக்குப் பெற்ற இடங்கள் அங்கே ஏராளம். கட்டணமாக இருந்தவரை அவையும் பங்கு கொடுத்தன. செலவின் பெரும்பகுதியைச் சொத்து வரிக்கு மாற்றியபோது 2018-க்கான நகரத்தின் மொத்த வரி விதிப்பு ஒரே ஆண்டில் ஏறத்தாழ 24 சதவீதம் ஏறியது. விலக்குப் பெற்றவை அந்த ஏற்றத்திலிருந்து தப்பின, சுமை வரி கட்டும் வீட்டுக்காரர்கள் மீதும் கடைக்காரர்கள் மீதும் இறங்கியது.

மற்ற இடங்கள் வேறு வழிகளில் போயிருக்கின்றன. கலிஃபோர்னியாவில் 1996 நவம்பரில் வாக்காளர்கள் நிறைவேற்றிய 218-ஆம் முன்மொழிவு, கட்டணம் கட்டப்போகிறவர்களுக்கே தபாலில் வாக்குச்சீட்டு அனுப்ப வேண்டும் என்கிறது. யார் எவ்வளவு கட்டுகிறாரோ அந்த அளவுக்கு அவர் வாக்குக்கு எடை. எதிர்ப்பு ஆதரவைத் தாண்டினால் கட்டணம் விதிக்க முடியாது. ஊருக்குக் கிடைக்கும் பொதுப் பலனையும் மனைக்குக் கிடைக்கும் தனிப்பலனையும் பிரித்துக் காட்டும் பொறுப்பும் அங்கே அரசு அமைப்பின் தலையில் இருக்கிறது. மினசோட்டாவில் அப்படி ஒரு வாக்கு நமக்கு இல்லை. ஜெர்மனியில் பவேரியா மாநிலம், மக்கள் கையெழுத்து இயக்கத்துக்குப் பிறகு, தெருச் சீரமைப்புக் கட்டணத்தை 2018 ஜனவரி 1 முதல் ஒழித்தேவிட்டது.

மினியாபொலிஸுக்குப் பக்கத்தில் இருக்கும் ஈடைனா நகரம், தெருச் செலவைக் கட்டணத்திலிருந்து சொத்து வரிக்குப் படிப்படியாக மாற்ற முடிவெடுத்தது. வேறு சில நகரங்கள் மின்சார, எரிவாயு பில்லில் மாதந்தோறும் ஒரு சிறு தொகை சேர்த்து வாங்குகின்றன. கேட்க எளிமையாக இருக்கிறது, ஆனால் மாற்றும் காலத்தில் ஒரு தலைமுறை மாட்டிக்கொள்ளும். மூன்று வருடம் முன்பு 12,000 டாலர் கட்டி முடித்தவர், இனி எல்லாத் தெருக்களுக்கும் வரியாகவும் கட்ட வேண்டும். மாற்றத்தை எதிர்த்துக் கூட்டத்துக்கு வருபவர்களில் அவரும் இருப்பார், அவர் கோபத்தைத் தவறென்று சொல்ல முடியாது. படிப்படியாகச் செய்வதன் காரணமே அதுதான்: பழையவர் கட்டிய கட்டணம் வயதாகி மறையும்வரை வரியை மெதுவாக ஏற்றுவது. ஆண்டுகள் பல ஆனாலும் எனக்குத் தெரிந்தவற்றில் நேர்மையான வழி அதுவே.

எங்கள் தெரு வேலை முடிந்துவிட்டது. சாலை நன்றாகவே இருக்கிறது, மழைநீர் தேங்குவதில்லை. அன்று பேசிய பெரியவருக்கு 65 வயது தாண்டியிருந்தது. தான் குடியிருக்கும் வீட்டுக்குக் கட்டணத்தைச் செலுத்துவது கஷ்டம் என்று காட்டும் முதியவர்களுக்கு, அதை ஒத்திவைக்க மாநிலச் சட்டம் நகரங்களுக்கு அனுமதி தருகிறது. எங்கள் நகரத்தில் அந்த வசதி இருப்பதும், விண்ணப்பிக்கும் முறையும், கடிதத்தின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சாகியிருந்தது. அவர் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை. பிறகு அவர் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து இருவரும் அந்தப் படிவத்தை நிரப்பினோம்.

இந்த வருடம் பக்கத்துத் தெருவுக்குக் கடிதம் வந்திருக்கிறது. பதினோரு வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு தாளில், எங்கள் சொத்துக்குக் கிடைக்கும் ஆதாயத்தைவிட இந்தக் கட்டணம் அதிகம், இதை ஆட்சேபிக்கிறோம் என்று எழுதிக் கையெழுத்திட்டு எழுத்தரிடம் கொடுத்து, தேதியோடு முத்திரை வாங்கி வைத்திருக்கிறார்கள். ஒரே மதிப்பீட்டாளரை அமர்த்தி அவர் கட்டணத்தைப் பதினொன்றாகப் பிரித்துக்கொள்வதாகப் பேச்சு. கூட்டம் வரும் செவ்வாய்க்கிழமை.